பால் டின் பாலிகை

விதை போட எந்தப் பாத்திரத்தை எடுப்பது என்பதற்காக நானும் என் வீட்டுக்காரரும் போட்ட சண்டையை வேறு எதற்காகவும் போட்டதில்லை. டத்தோ கிராமாட்டில் அடுக்குமாடி வீடு எங்களுக்கு. மண் என்று பார்த்தால், கீழே கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு பப்பாளி மரத்தைச் சுற்றி இருக்கிறதுதான். சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடுகிற பால்கனியில் நாலு மிளகாய்ச் செடியும் கொஞ்சம் கத்தரியும் வைத்துக்கொண்டு, ஏதோ பெரிய தோட்டத்துக்கு முதலாளி மாதிரி பேசுவார் மனிதர்.

ஆரம்பித்தது என்னவோ நான்தான். முட்டை வாங்கினால் வருகிற அட்டை சும்மாதானே கிடக்கிறது என்று ஒவ்வொரு குழியிலும் மண் போட்டு விதை வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் இந்த ஊர் வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காய்ந்துபோகும். மழை வந்தாலோ அட்டை ஊறிக் கூழாகிப் பூஞ்சை பிடிக்கும்.

"அது முட்டைக்குச் செஞ்சதுலா. செடிக்கா செஞ்சான்?" என்றார்.

அடுத்து தயிர்க் கப்பை எடுத்தேன். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக். வெளிச்சம் பட்டுப்பட்டு மண்ணின் ஓரமெல்லாம் பச்சைப் பாசி படர்ந்தது. வேருக்கு இருட்டு வேண்டுமாம். "லைட்டப் போட்டு வச்சா நீ தூங்குவியா?" என்று அதற்கு ஒரு கேலி. சரி என்று ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டேன். அது அகலம்தான், ஆழம் போதவில்லை. எல்லாக் கன்றும் வேரோடு வேர் பின்னிக்கொண்டு, பிரித்து நடும்போது பாதி அறுந்தது. அன்றைக்கு அவர் பேசிய பேச்சை வாயை மூடிக்கொண்டு கேட்க நான் என்ன கல்லா? "அப்ப நீங்களே செஞ்சு காட்டுங்க மகாராஜா" என்று மண்ணைக் கையில் கொடுத்துவிட்டேன்.

அப்படித்தான் பால் டின்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தன. அவர் பஸ் ஓட்டுநர். பாலிக் புலாவ் போகிற பஸ். அங்கே பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஓர் ஒட்டுக்கடை. தேத்தண்ணிக்கு ஊற்றுகிற கெட்டிப்பால் டின்கள் அங்கே நாள் முழுக்கக் காலியாகும். வெறும் டின்னைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிற ஒரே பஸ்காரர் இவராகத்தான் இருக்கும். கை அளவு அகலம், விரல் நீளத்துக்கு ஆழம், உள்ளே நல்ல இருட்டு. ஒரு டின்னுக்கு ஒரு விதை. வெயிலில் வைத்தால் தகரம் கொதிக்கும் என்று பால்கனியில் நிழல் விழுகிற மூலையில் வரிசையாக அடுக்குவார்.

ஓட்டை போடுவதுதான் பெரிய கூத்து. ஊரில் எல்லாரும் டின்னைக் கவிழ்த்து வெளியிலிருந்து ஆணி அடிப்பார்கள். அப்படி அடித்தால் ஓட்டையின் விளிம்பு உள்பக்கம் மடங்கி, அதைச் சுற்றித் தண்ணீர் தேங்கிவிடுமாம். அதனால் இவர் நீண்ட ஆணி ஒன்றை டின்னுக்குள் விட்டு, உள்ளேயிருந்து வெளியே அடிப்பார். நடுவில் ஒன்று, சுற்றி நாலு. அடிக்கிற அடியில் பாதி அவர் கட்டைவிரலில்தான் விழும். தகரப் பிசிறு அடியில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் எங்கள் மகள் எத்தனையோ தடவை அதில் விரலைக் கிழித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். நான் கத்துவேன். "தண்ணி வடிஞ்சாதான் வேர் மூச்சு விடும், அதுக்கு வழி விடணும்லா" என்று அவர் மறுபடி ஆணியை எடுப்பார்.

வேலைக்குப் போக உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. பால்கனியில் அப்போது முளைத்திருந்த மிளகாய்க் கன்றுகளுக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. எல்லாம் நின்ற இடத்திலேயே காய்ந்தன. காரியமெல்லாம் முடிந்த பிறகு மண்ணைக் கொட்டிவிட்டு டின்களைக் கழுவிக் கவிழ்த்து, பால்கனியில் துணி துவைக்கிற தொட்டிக்கு அடியில் அடுக்கினேன். தூக்கிப் போட மனம் வரவில்லை, விதை போடவும் மனம் வரவில்லை. ஆணியும் அங்கேயேதான் கிடந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் நானும் மகளும்தான். போன வருஷம் அவளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை நல்ல பையன், ஜொகூரில் வேலை, அப்பா அம்மா பட்டர்வொர்த்தில். கல்யாண வேலைக்கு ஈப்போவிலிருந்து என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரருடைய அக்கா, ஒரு வாரம் முன்பே வந்து எங்களோடு தங்கினார். கெட்டவர் இல்லை. வந்த அன்றே என் சமையலறையைத் தன் சமையலறையாக்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் பாலிகை தெளிக்கிற வழக்கம் உண்டு. கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால், பந்தக்கால் நடுகிற அன்றைக்கு, நவதானியத்தைப் பாலில் ஊறவைத்து, ஐந்து மண்கிண்ணங்களில் மண் நிரப்பி, சுமங்கலிப் பெண்கள் அதில் தெளிப்பார்கள். கல்யாணத்தன்று முளைவிட்டுப் பச்சையாக நிற்கிற பாலிகை மணமேடையில் இருக்கும். அப்புறம் அதை எடுத்துத் தண்ணீரில் விடுவார்கள். பாலிகை செழித்து வந்தால் பெண்ணின் குடும்பம் செழிக்கும் என்பது நம்பிக்கை. வராவிட்டால் என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

நாத்தனார் லிட்டில் இந்தியாவுக்குப் போய்க் கிண்ணங்களை வாங்கி வந்தார். பிரித்துப் பார்த்தேன். வெளியே சிவப்பும் தங்கமுமாகப் பெயிண்ட், சுற்றிக் கண்ணாடிக் கல். உள்ளேயும் வழவழவென்று பெயிண்ட். அடியைத் தடவினேன். ஓட்டையே இல்லை.

"ஓட்ட இல்லையேக்கா. தண்ணி நின்னா வித அழுகிடுமே" என்றேன்.

"ஓட்ட இருந்தா மண்டபத்துக் கம்பளத்துல ஒழுகாதா? அப்புறம் மண்டபக்காரன் கத்துவான்லா."

"ஒரு ஆணிய வச்சு லேசா..."

"அலாமாக்! கல்யாணச் சாமானுக்கு யாராச்சும் ஆணி அடிப்பாங்களா? விரிசல் விட்டா என்ன சகுனம் அது? நீ சும்மா இரும்மா. மேடையில லைட்டு பட்டா எப்படி ஜொலிக்கும் பாரு."

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் என் கழுத்தைப் பார்த்துக்கொண்டுதான் அவர் பேசினார். தாலி இல்லாத கழுத்து. இந்த விஷயத்தில் எனக்குப் பேச்சு இல்லை என்று அந்தப் பார்வை சொன்னது.

பந்தக்கால் அன்று கூடத்தில் கோலம் போட்டுக் கிண்ணங்களை வைத்தார்கள். மாடி வீட்டு அக்கா, பக்கத்து வீட்டு அண்ணி, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லாரும் பட்டுப் புடவையில். தானியத்தை ஊறவைத்தது நான், மண்ணைச் சலித்தது நான், கிண்ணத்தில் நிரப்பியதும் நான்தான். அதுவரைக்கும் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. தெளிக்கிற நேரம் வந்ததும் நாத்தனார் என் முழங்கையைப் பிடித்து மெல்ல நகர்த்தினார்.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா. தப்பா நெனைக்காத. பொண்ணோட நல்லதுக்குத்தான்."

தப்பாகத்தான் நினைத்தேன். இன்றைக்கும் தப்பாகத்தான் நினைக்கிறேன். அவளைச் சுமந்து பெற்றவள் நான், அவளுக்கு நல்லது வேண்டிப் போடுகிற விதையில் என் கை படக்கூடாதாம்! சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். ஒவ்வொருத்தியாகக் குனிந்து விதையைத் தெளித்துப் பாலை ஊற்றினார்கள். ஊற்று ஊற்று என்று ஊற்றினார்கள். கிண்ணத்தில் பால் மேலே மிதந்தது. என் மகள் மணையிலிருந்து தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

எல்லாம் முடிந்ததும், மிச்சத் தானியம் இருந்த கிண்ணியை என்னிடமே நீட்டினார் நாத்தனார். "இத உள்ள கொண்டு போய் வச்சிடும்மா."

கொண்டு போனேன். பசியாற எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். கூடத்தில் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. நான் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு தொட்டிக்கு அடியிலிருந்து டின்களை இழுத்தேன். துரு ஏறியிருந்தது, ஆனாலும் உறுதியாக இருந்தன. ஐந்து டின்னை எடுத்துத் துடைத்தேன். அடியில் கொஞ்சம் தேங்காய் நார், அதன் மேல் மண். கையிலிருந்த தானியத்தை நெருக்கமாகத் தெளித்து, மேலே மெல்லிசாக மண் தூவி, விரலால் தண்ணீர் தெளித்தேன். அடி வழியாகச் சொட்டுச் சொட்டாக வடிந்தது. என் வீட்டுக்காரர் இருந்தால் "ம், இப்பதான் புத்தி வந்துச்சு" என்று சொல்லியிருப்பார். அழுதேனா என்று கேட்டால், அழுதேன். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதேன். பிறகு டின்களை யார் கண்ணிலும் படாமல் துணிக் கூடைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு எல்லாருக்கும் சாம்பார் ஊற்றப் போனேன்.

ஒருவேளை அந்தக் கிண்ணங்களிலேயே முளைத்துவிட்டால் நல்லதுதான், என் டின்களை யாருக்கும் தெரியாமல் கொட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது முளைக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்டேன். நாத்தனாரோ தினமும் குளித்துவிட்டு வந்து பக்தியாகப் பால் கலந்த தண்ணீரை ஊற்றினார். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் கிண்ணங்களை வைத்திருந்த சாமி அலமாரிப் பக்கம் போனால் புளித்த நாற்றம். கிண்ணங்களில் மண் சேறாகக் கிடந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளுத்துப்போன பயறு, வால் விட்டு அப்படியே அழுகியிருந்தது.

நாத்தனார் அப்போதுதான் பூக்காரரைப் பார்க்க மண்டபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு ஒரு நாளு இருக்குல, வந்துரும்" என்றார். குரல் இறங்கியிருந்தது. போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

மகள் மருதாணிக் கையோடு வந்து நின்றாள்.

"வரலியாம்மா?"

"வரும்."

"நான் இதெல்லாம் நம்பமாட்டேன்லா. ச்சும்மா கேட்டேன்."

நம்பமாட்டேன் என்று போனவள் திரும்பி வந்தாள். குனிந்து கிண்ணத்தைப் பார்த்தாள். "அப்பா இருந்திருந்தா வந்திருக்கும்ல?" என்றாள். கை முழுக்க மருதாணி, கண்ணைத் துடைக்க முடியாது. நான்தான் துடைத்துவிட்டேன். மருதாணி போடுகிற பெண் கூப்பிட்டதும் அறைக்குள் போய்விட்டாள்.

என்னால் தாங்க முடியவில்லை. கூடத்தில் ஆளில்லாத அந்த மத்தியானத்தில் பால்கனிக்குப் போனேன். என் டின்கள் ஐந்திலும் பயறும் தட்டையும் உளுந்தும் முட்டி மோதிக்கொண்டு விரல் உயரத்துக்கு நின்றன. சேற்றையெல்லாம் ஒரு வாளியில் கொட்டிக் கொண்டுபோய் பப்பாளி மரத்தடியில் போட்டேன். கிண்ணங்களைக் கழுவி, உள்ளே கொஞ்சம் கூழாங்கல் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு டின்னை அப்படியே இறக்கினேன். வேரைக் கலைத்தால் மறுநாள் காலையில் தலை தொங்கிவிடும் என்று தெரியும், அதனால் டின்னோடு வைத்தேன். சுற்றியிருந்த இடைவெளியில் மண்ணைப் போட்டு விளிம்பு தெரியாமல் மூடினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது.

சாயங்காலம் நாத்தனார் வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு மத்தியானத்தில் எப்படி இத்தனை உயரம் வரும் என்று அவர் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாரோ என்னவோ. மகள் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுநாள் மேடையில் விளக்கு வெளிச்சத்தில் கல்லும் பச்சையுமாக நிஜமாகவே ஜொலித்தது. மாப்பிள்ளையின் அம்மா வாய் நிறையப் புகழ்ந்தார்.

"எல்லாம் சுமங்கலிங்க கை ராசிங்க" என்றார் என் நாத்தனார்.

எனக்குப் பின்னால் இருந்த நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஒரே ஒரு வார்த்தை, நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. மேடையில் என் பிள்ளை மாலையோடு உட்கார்ந்திருக்கிறாள். விழுங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய சித்தப்பா மகன் நின்று தாரை வார்த்துக் கொடுத்தார். நான் அதையும் தள்ளி நின்றுதான் பார்த்தேன்.

மண்டபத்திலேயே டின்களை எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா, "எங்க வீட்டுச் சாமி முன்னால வச்சிட்டு, மறுவீட்டுக்கு வர்றப்ப கடல்ல விட்டுருவோம்" என்று கிண்ணங்களை அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு கடல் பாலத்தைத் தாண்டிப் பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டார். அங்கே யாராவது மண்ணைக் கிளறிவிட்டால்? கல்யாணமான மகள் வீட்டில் ஒரு குறை என்று பேச்சு வந்தால், அது விதவைத் தாய் கை வைத்த குறை என்றுதானே வரும்?

மூன்றாம் நாள் பெண்ணும் மாப்பிள்ளையும் கிண்ணங்களோடு மறுவீட்டுக்கு வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் பாலிகையைக் கடலில் விட்டுவிட்டு, அங்கிருந்தே அவர்கள் ஜொகூருக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. நல்லவேளையாக மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. நாங்கள் நாலு பேர்தான் போனோம். பாடாங் திடல் பக்கம் கடல்சுவரில் இறங்குகிற படி இருக்கிறதே, அங்கே. தண்ணீர் ஏறியிருந்தது.

"கொத்தாப் புடிச்சு இழுத்து, தண்ணியில விடும்மா" என்று நாத்தனார் சொல்லிக்கொடுத்தார். மகள் கடைசிப் படியில் உட்கார்ந்து பயிரைப் பிடித்து இழுத்தாள். மண் உதிர்ந்தது. கிண்ணத்திலிருந்து டின் முழுசாக எழும்பி வந்தது. கை வழுக்க, அடியில் பிடித்தவள் "ஸ்" என்று விரலை உதறினாள். விரலில் ரத்தம். டின்னைத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் ஒன்று, சுற்றி நாலு. அத்தனை ஓட்டை வழியாகவும் வெள்ளை வேர் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா டின்னு" என்றாள்.

நாத்தனார் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தயாராகத்தான் நின்றேன். அந்த ஒரு வாரமாக விழுங்கியதெல்லாம் தொண்டையில் இருந்தது. கேட்கட்டும், ஒரு வார்த்தை கேட்கட்டும், கொட்டிவிடுகிறேன் என்று நின்றேன்.

"யாரு போட்டா?" என்றார்.

"நான்தான்."

நாத்தனார் என் மகளிடமிருந்து டின்னை வாங்கினார். அடியில் நீட்டியிருந்த பிசிறைக் கட்டைவிரலால் தடவினார். தடவிக்கொண்டே ஈரப் படியில், பட்டுப் புடவையோடு, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் இதுலதான் மிளகாக் கன்னு குடுத்தான். வெரல் கிழிஞ்சிருச்சுன்னு அவனத் திட்டினேன். கடைசியா அவன் கூடப் பேசினது அதுதான்" என்றார்.  எனக்குக் கொட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. என் வீட்டுக்காரர் அவருக்குத் தம்பி என்பதே அந்த வாரம் முழுக்க எனக்கு நினைவில்லை. மாப்பிள்ளை பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள், அத்தை கையிலிருந்த டின்னிலேயே மறுபடி பயிரைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. வேர் ஓட்டைக்குள் நுழைந்து இறுக்கிக்கொண்டிருந்தது. இன்னும் இழுத்தால் தண்டுதான் பிய்ந்து வரும்.

"இழுக்காத. அடியில கிள்ளினாத்தான் வரும்" என்று சொன்ன நாத்தனார், டின்னை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "இந்தாம்மா. நீ போட்டது. நீயே விடு."

நான் ஆசைப்பட்டது இதுவா? ஒரு பிடி விதையை என் கையால் தெளிக்க ஆசைப்பட்டேன், தள்ளி நிற்கச் சொன்னார்கள். விடுவதற்குக் கூப்பிடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மகள் விரலை வாயில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளையில் நிற்பாளே அப்படி என்னைப் பார்த்து நின்றாள். மேலே சாலையோரம் அவர்களுடைய கார், ஜொகூருக்குப் போகிற பெட்டிகளோடு நின்றது.

படியில் இறங்கி உட்கார்ந்தேன். டின்னைக் கவிழ்த்து மடியில் வைத்து, அவர் போட்ட ஒவ்வொரு ஓட்டையிலும் நீட்டியிருந்த வேரை நகத்தால் கிள்ளினேன். மெல்லத் தட்டினேன், பயிர் முழுசாகக் கையில் வந்தது. தண்ணீரில் விட்டேன். அலை அதை ஒரு தடவை திருப்பிக் கொண்டுவந்து படியில் சேர்த்தது. மறுபடி தள்ளிவிட்டேன்.